ஒரு சதவீத அழுக்கு

1787-ஆம் ஆண்டு. ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகே ஒரு தீவில், பீங்கானுக்குக் கல் வெட்டி எடுக்கும் இட்டர்பி குவாரிக்குள் சுவீடன் ராணுவத்தின் இளம் அதிகாரி ஒருவர் இறங்கினார். கார்ல் ஆக்செல் அரேனியஸ் என்பது அவர் பெயர். விதவிதமான கற்களைத் தேடிப் பொறுக்குவதில் அவருக்கு அடங்காத ஆசை. வெளிறிய பாறைகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு துண்டு கிடந்தது. தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிய கனம். அவர் அறிந்த எந்தத் தாதுவும் அந்த நிறத்தில் அந்தக் கனத்தோடு இருந்ததில்லை. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ஏழு ஆண்டுகள் ஆயின.

1794-ல் பின்லாந்துக்காரரான யோஹான் கடோலின், அந்தக் கல்லுக்குள் யாரும் கண்டிராத ஒரு ‘மண்’ இருப்பதாக அறிவித்தார். அந்தக் காலத்து வேதியியலாளர்கள் மண் என்று சொன்னது வயல் மண்ணை அல்ல. ஓர் உலோகம் ஆக்சிஜனோடு இறுகச் சேர்ந்து, எளிதில் கரையாமல், எந்த அடுப்பிலும் உருகாமல் நிற்கும் தூளுக்குத்தான் அந்தப் பெயர். கடோலின் கண்ட புது மண்ணை ஒற்றைப் பொருள் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அதற்குள் ஒரு பெருங்குடும்பமே ஒளிந்திருந்தது.

1803-ல் வேறொரு சுவீடன் கல்லிலிருந்து சீரியம் வந்தது. சுவீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் ஒரே ஆண்டில் தனித்தனியே அதைக் கண்டார்கள். பிறகு பெர்சீலியசின் மாணவர் கார்ல் குஸ்தாஃப் மொசாண்டர் சீரியத்தைத் துருவத் தொடங்கினார். உள்ளேயிருந்து லாந்தனம் வந்தது. லாந்தனத்தைத் துருவினால் டிடிமியம். கடோலின் கண்ட மண்ணான இட்ரியத்தைத் துருவினால் எர்பியம், டெர்பியம். எல்லாம் ஒரே கல்லில் சேர்ந்து கிடந்தன. ஒரே அமிலத்தில் சேர்ந்து கரைந்தன. ஒரே நேரத்தில் சேர்ந்து படிந்தன. இடையில் பெர்சீலியஸ் நார்வேயின் ஒரு கல்லில் தோரியத்தைப் பிடித்தார். அது இந்தக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. ஆனால் குடும்பம் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போனது. அதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம் என்பது மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

1869-ல் மெண்டலீவ் தனிமங்களை வரிசை பிரித்து அட்டவணை போட்டபோது இந்தக் குடும்பம்தான் அவரை அலைக்கழித்தது. மற்ற தனிமங்கள் எல்லாம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குணம் மாறின. சோடியத்துக்கு அடுத்த மக்னீசியம் வேறு ஆள். அதற்கடுத்த அலுமினியம் இன்னும் வேறு. அருமண் என்று பெயர் பெற்ற இந்தக் குடும்பத்துத் தனிமங்களோ ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே கட்டத்துக்கு இத்தனை பேர் வந்து நின்றால் அட்டவணை என்ன ஆவது? ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு பிடிக்கும். அந்த விடைக்கான வழி ஒரு தெருவிளக்குத் தொழிற்சாலைக்குள் புகுந்து வரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

1880-ல் வியன்னாவிலிருந்து ஓர் இளைஞர் ஹைடல்பெர்க் நகரத்துக்குப் படிக்கப் போனார். கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக், வயது இருபத்திரண்டு. அப்பா ஆஸ்திரியப் பேரரசின் அச்சகத்தை நடத்தியவர். ஆசிரியராக வாய்த்தவரோ ராபர்ட் பன்சன். பள்ளி ஆய்வகங்களில் இன்றும் எரியும் பன்சன் அடுப்பின் பெயருக்கு உரியவர். ஒரு பொருளைத் தீயில் காட்டி, எழும் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்து, அதிலுள்ள கோடுகளைக் கொண்டு தனிமத்தை அடையாளம் சொல்லும் கலையைக் கிர்க்காஃபுடன் சேர்ந்து உருவாக்கியவர். அந்த ஆசிரியரிடமிருந்து அவுவர் இரண்டு விஷயங்களைக் கற்றார்: அருமண் மீது தீராத மோகம், தீயை உற்று நோக்கும் கண்.

வியன்னாவுக்குத் திரும்பியதும் டிடிமியத்தில் கைவைத்தார். கரைப்பது, மெல்லப் படிகமாக விடுவது, முதலில் விழுந்த படிகத்தையும் மிஞ்சிய கரைசலையும் பிரிப்பது, இரண்டையும் மறுபடி கரைப்பது. இதே வேலையை நூறு தடவைக்கு மேல் செய்தார். வெறும் கண்ணுக்கு மாற்றமே தெரியாத சுற்றுகள் எத்தனையோ. கடைசியில் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் இளஞ்சிவப்பும் தலைகாட்டின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தனிமம் என்று எல்லோரும் நம்பிய டிடிமியம் இரண்டு தனிமங்கள். 1885-ல் வியன்னா அறிவியல் கழகத்தில் அறிவித்தார்: பச்சை பிரேசியோடிமியம், இளஞ்சிவப்பு நியோடிமியம். பெரும் கண்டுபிடிப்புதான். ஆனால் இரண்டாலும் காலணாவுக்குப் பயனில்லை. பயனுள்ள விஷயம் ஆய்வுமேசையின் இன்னொரு மூலையில், அவர் தேடாமலேயே நடந்தது.

பொருளைத் தீயில் காட்ட அந்நாளில் பிளாட்டினம் கம்பியின் நுனியில் ஒரு துளியை ஒட்டவைப்பார்கள். அருமண்ணுக்கு அந்தத் துளி போதவில்லை. ஒளி மங்கலாக வந்தது. பரப்பைக் கூட்டினால் ஒளி கூடுமே என்று அவுவர் பருத்தி நூலை உப்புக் கரைசலில் நனைத்துப் பன்சன் தீயில் பிடித்தார். நூல் எரிந்துபோனது. எரிந்த இடத்தில் சாம்பல் உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. நூலின் முறுக்கு முறுக்காக, இழை இழையாக, அதே வடிவத்தில் ஒரு வெள்ளை எலும்புக்கூடு தீயில் நின்றது. நின்றதோடு இல்லாமல் கண் கூசும்படி ஒளிர்ந்தது.

அந்த ஒளியைக் கண்டதும் அவுவருக்குத் தோன்றியது ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல, வியன்னாவின் தெருக்கள். அன்று ஐரோப்பிய நகரங்களில் எரிந்தது நிலக்கரி வாயு விளக்கு. தீயிலுள்ள கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக மின்னுவதுதான் அதன் வெளிச்சம். மங்கல், புகை, வெக்கை. எடிசனின் மின்விளக்கு 1879-ல் வந்துவிட்டது. வாயுக் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளி கரைந்துகொண்டிருந்தது. வாயுத் தீ வெளிச்சம் தர வேண்டாம், வெறும் சூட்டைத் தந்தால் போதும், ஒளியை அதன் மேல் தொங்கும் சாம்பல் தரட்டும் என்பது அவுவரின் யோசனை. துணியைச் சிறு பையாகப் பின்னி, மக்னீசியமும் லாந்தனமும் இட்ரியமும் கலந்த உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, 1885-ல் காப்புரிமை வாங்கினார். 1887-ல் வியன்னாவை ஒட்டிய அட்ஸ்கர்ஸ்டார்ஃபில் தொழிற்சாலை எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் அது இழுத்து மூடப்பட்டது.

தோல்விக்குக் காரணங்கள் பல. சாம்பல் பை தொட்டால் நொறுங்கியது. விலை அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளியில் பச்சை படர்ந்திருந்தது. அந்த நிறத்தை மக்கள் வீட்டுக்குள் விட மறுத்தார்கள். பங்குதாரர்கள் விலகினார்கள். அந்த இடத்தில் வேறு எவரும் நியோடிமியத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். அவுவர் மூடிய தொழிற்சாலையைத் தானே விலைக்கு வாங்கினார். லுட்விக் ஹைட்டிங்கர் என்ற வேதியியலாளரைக் கூட வைத்துக்கொண்டு, இதுவரை பயனற்றுக் கிடந்த தோரியத்தை எடுத்தார்.

தோரியம் ஆக்சைடுக்கு ஒரு பெருமை உண்டு. 3,300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினாலும் உருகாது. அதில் ஊறிய பை முன்னதைவிட உறுதியாக நின்றது, வெள்ளையாகவும் ஒளிர்ந்தது. சுத்தம் செய்தால் இன்னும் நன்றாக ஒளிரும் என்று அவுவர் அதைச் சுத்தம் செய்தார். ஒளி சற்றுக் குறைந்தது. இன்னும் சுத்தம் செய்தார். இன்னும் குறைந்தது. அப்பழுக்கில்லாத தோரியம் கையில் வந்தபோது பை ஏறக்குறைய இருண்டே போனது. வேதியியலின் அரிச்சுவடி சொல்வதற்கு நேர் எதிராகக் காரியம் நடந்தது.

இங்கேதான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. கைக்கு எட்டிய வெற்றி நழுவுகிறது. கோபத்தில் எல்லாவற்றையும் வடிகாலில் கொட்டக்கூடிய கணம். அவுவர் கொட்டவில்லை, கழித்ததைத் தேடினார். தோரியத்திலிருந்து நீக்கிய அழுக்கில் என்ன இருந்தது? சீரியம். அதைச் சிட்டிகை சிட்டிகையாகத் திரும்பச் சேர்த்தார். ஒளி ஏறியது. அளவு மீறியதும் மறுபடி இறங்கியது. உச்சம் எங்கே என்று பார்த்தால், தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. ஒளிர்ந்தது அந்த ஒரு பங்கு அழுக்குதான். மீதி 99 அதைத் தாங்கிப் பிடிக்கும் மேடை. தோரியம் ஆக்சைடு தன் சூட்டை வெப்பக் கதிராக வெளியே விடாமல் காக்கிறது; அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமர்ந்த சீரியம் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கொட்டுகிறது. சீரியம் கூடிவிட்டால் சூடும் வீணாகக் கசிந்துவிடும்.

1891 நவம்பர் 4-ஆம் தேதி வியன்னாவின் ஓபரா அரங்கத்தை ஒட்டிய ஒரு காபிக் கடை வாசலில் புது விளக்கு ஏற்றப்பட்டது. இம்முறை ஒளியில் பச்சை இல்லை, புகை இல்லை. கொஞ்ச காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. மின்விளக்கிடம் தோற்கவிருந்த வாயுக் கம்பெனிகள் இன்னும் ஒரு தலைமுறை பிழைத்துக்கொண்டன. பூமியில் யாருக்கும் வேண்டாத தோரியத்துக்கு ஒரே இரவில் கிராக்கி. ஆனால் இத்தனை நகரங்களுக்குத் தோரியம் எங்கிருந்து வரும்?

நார்வேயின் கல் சில ஆண்டுகளுக்குக்கூடக் காணவில்லை. அமெரிக்காவின் கரோலினாப் பக்கத்து ஆற்று மணலைச் சலித்தார்கள். அடுத்து பிரேசில் கடற்கரை. எல்லா இடத்திலும் தேடியது ஒன்றைத்தான்: மோனசைட் என்னும் தேன்நிற மணல். மோனசைட் ஒரு பாஸ்பேட். அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் மூன்று எலக்ட்ரான்களை இழந்து, மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளாக இருக்கின்றன. எதிரே மூன்று எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் அயனி. கணக்கு நேர். தோரியம் இழப்பது நான்கு. அது சீரியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தால் ஒரு மின்னூட்டம் மிஞ்சுமே? அதற்கும் வழி வைத்திருக்கிறது படிகம். பக்கத்து இடத்தில் இரண்டு மட்டும் இழந்த கால்சியம் வந்து அமரும். நாலும் இரண்டும் ஆறு. மூன்றும் மூன்றும் ஆறு. உருவ அளவும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் பாறை பிறந்த நாளிலேயே தோரியம் அந்த வீட்டில் குடியேறிவிடுகிறது. இந்த மணலை ஏற்றி வந்த வணிகம் பெரும்பாலும் ஜெர்மனியின் பிடிக்குள் இருந்தது. தோரியத்தை எடுத்துக்கொண்டபின் சீரியமும் அதன் உடன்பிறப்புகளும் மட்டும் மலையாகக் குவிந்தன.

அந்தக் குப்பையையும் அவுவர் சும்மா விடவில்லை. 1903-ல் சீரியம் உலோகத்தோடு இரும்பைக் கலந்து இறுகச் செய்தார். உரசினால் பொறி பறந்தது. பெட்டிக்கடைகளில் தொங்கும் சக்கரம் வைத்த சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் கல் அதுதான். அதே சமயத்தில் அட்ஸ்கர்ஸ்டார்ஃப் தொழிற்சாலைக்குள் வேறொரு குப்பை வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது யோவாகிம்ஸ்டால் சுரங்கத்தின் யுரேனியக் கழிவு. தோரியம் கதிர்வீசுகிறது என்பதை 1898-லேயே ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டிருந்தார்கள். அதே ஆண்டில் கியூரி தம்பதி ரேடியத்தையும் கண்டார்கள். டன் கணக்கான கழிவிலிருந்து சில கிராம் ரேடியம் பிரிக்க வேண்டும். நுண்ணிய பிரிப்பு வேலையில் விளக்குத் தொழிற்சாலையைவிடக் கைதேர்ந்தவர் யார்? 1904 முதல் 1907 வரை ஹைட்டிங்கர் மேற்பார்வையில் அந்த வேலை நடந்தது. கிடைத்த ரேடியம் வியன்னா அறிவியல் கழகத்தின் பெட்டிக்குப் போனது. 1908-ல் அதில் ஒரு பகுதி மான்செஸ்டரில் இருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டுக்கு இரவலாகச் சென்றது. அவர் அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

1909-ல் கதை நம் கரைக்கு வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குத் தென்னை நாரும் கயிறும் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கவனித்தார். மணலென்றால் உதறிவிட்டு நாரை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அவர் நாரை விட்டுவிட்டு மணலை எடுத்துக்கொண்டார். தேன்நிறம், கனம். சோதித்தால் மோனசைட். நார் எந்தக் கரையில் மணல் ஒட்டிக்கொண்டது என்று தேடிக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்ற இடம் மணவாளக்குறிச்சி.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், வள்ளியாறு கடலில் கலக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் யுகயுகமாகக் கரைந்து ஆற்றோடு இறங்கின. தென்மேற்குப் பருவக் காற்று கிளப்பும் அலைகள் இலேசான மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு, கனத்ததைக் கரையிலேயே விட்டுச் சென்றன. கறுப்பு இல்மனைட், சிவப்புக் கார்னெட், சிர்க்கான், அவற்றுக்கு நடுவே மோனசைட். கடல் தானே சலித்துத் தந்த மணல். பிரேசில் மோனசைட்டைவிடத் தோரியம் கூடுதல். ஷோம்பெர்க் அங்கேயே பிரிப்பாலை அமைத்தார். பிறகு கொல்லத்தை அடுத்த சவறையிலும் ஒன்று. உலகத் தோரியச் சந்தையின் கடிவாளம் தெற்கு முனைக்கு வந்துவிட்டது. அந்தச் செல்வாக்கே அவருக்கு எமனானது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் அருகில், விலைமதிப்புள்ள மணலின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜெர்மானியரை எப்படி விடுவார்கள்? உளவாளி என்று ஷோம்பெர்க் கைது செய்யப்பட்டார். ஆலைகள் நின்றன, பின்னர் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறின. கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து ஒரு தொழிலையே எழுப்பியவர் இந்தக் கதையிலிருந்து அப்படியே மறைந்துபோகிறார்.

போருக்கு முன்பே, இரவல் ரேடியம் மான்செஸ்டரில் தன் வேலையை முடித்திருந்தது. அதன் கதிர்களைக் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் பாய்ச்ச, சில கதிர்கள் வந்த வழியே திரும்பின. அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட கனத்த கரு ஒன்று இருப்பதாக 1911-ல் ரூதர்ஃபோர்டு சொன்னார். எலக்ட்ரான்கள் அதைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்திருப்பதாக 1913-ல் நீல்ஸ் போர் சொன்னார். ரூதர்ஃபோர்டின் மாணவர் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிரைக் கொண்டு ஒவ்வொரு தனிமத்தின் கருவிலும் எத்தனை நேர்மின்னூட்டம் என்று எண்ணத் தொடங்கினார். முதல்முறையாக அருமண் குடும்பத்தைத் தலையெண்ண முடிந்தது: லாந்தனம் 57, கடைசிப் பிள்ளை 71. மோஸ்லி 1915 ஆகஸ்டில் கலிபோலி போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்தேழு. அவர் எண்ணியதற்குக் காரணம் சொல்லும் வேலை நீல்ஸ் போரிடம் வந்தது.

1920-களின் தொடக்கத்தில் நீல்ஸ் போர் கொடுத்த விடை இன்று பள்ளிப் பாடம். ஆனால் இதன் அழகைப் பாடப்புத்தகம் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். லாந்தனத்தின் 57 எலக்ட்ரான்கள் உள்ளிருந்து வெளியே 2, 8, 18, 18, 9, 2 என்று அடுக்கில் நிற்கின்றன. சோடியத்துக்கு அடுத்து மக்னீசியம் என்று போகும்போது புதிதாக வரும் எலக்ட்ரான் கடைசி அடுக்கில், அதாவது வாசல் திண்ணையில், வந்து உட்காரும். வேதிவினை என்பது திண்ணையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்பதால் குணம் மாறும். அருமண் குடும்பத்தில் புதியவர்கள் திண்ணையில் உட்காருவதே இல்லை. நேரே உள்ளே போய், நான்காவது அடுக்கில் காலியாகக் கிடக்கும் பதினான்கு இடங்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள். பிரேசியோடிமியத்தில் நான்காவது அடுக்கு 21, நியோடிமியத்தில் 22, கடைசிப் பிள்ளையான லுடீசியத்தில் 32. வெளியிலிருந்து பார்க்கும் அமிலத்துக்கும் ஆக்சிஜனுக்கும் எல்லா வீடும் ஒன்றே. கடோலின் முதல் அவுவர் வரை எல்லோரையும் திணறடித்தது இந்த உள்ளறைதான்.

சீரியத்தின் விசேஷமும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு 58 எலக்ட்ரான்கள். ஜெனான் வாயுவின் நிறைவான அமைப்புக்கு 54 போதும், நான்கு மிகை. உடன்பிறப்புகளைப் பின்பற்றி மூன்றை மட்டும் இழக்கவும் அதனால் முடியும். நான்கையும் உதறிவிட்டு ஜெனான் அமைப்புக்குப் போகவும் முடியும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடும் அந்த எலக்ட்ரான் சீரியத்தை ஒளியோடு பிணைக்கிறது. தோரியத்துக்கு இந்த ஊசலாட்டம் கிடையாது. 90 எலக்ட்ரான்களில் நான்கை விட்டு ரேடான் அமைப்பில் உட்கார்ந்தால் அசையாது. அசையாதவன் தாங்க, அசைபவன் ஒளிர்கிறான். ஆனால் இத்தனையும் புரிந்துமுடித்தபோது, வியன்னாவிலும் லண்டனிலும் வாயு விளக்குகள் மின்விளக்குக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தன. சாம்பல் பையின் கதை முடிந்தது என்றே தோன்றியது.

அதைக் காப்பாற்றியது மின்கம்பி எட்டாத ஊர்கள். பெர்லினில் எரிக் அண்ட் கிரேட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் கிரேட்ஸ், குழாய் வாயுவே வேண்டாத விளக்கு ஒன்றைச் செய்திருந்தார். அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி. பம்ப் அடித்துக் காற்றழுத்தம் ஏற்றினால் எண்ணெய் மேலேறும். முன்கூட்டியே சூடாக்கிய குழாயில் ஆவியாகும். காற்றோடு கலந்து நீலத் தீயாக எரியும். அந்தத் தீயின் மேல் அவுவரின் பை. குழாய் பதிக்க வேண்டாம், கம்பம் நட வேண்டாம், தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கப்பலேறி வந்தது. பண்டசோழநல்லூர், பாகூர், வில்லியனூர் என்று புதுச்சேரியின் வயல்வெளி ஊர்களிலும் கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் வெளிச்சம் போட்டது அதுதான். தெருமக்கள் வாயில் காஸ் லைட்டு. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் பெட்ரோமாக்ஸ். அவுவரின் சாம்பல் பைக்கு இங்கே வழங்கிய பெயர் மேண்டில்.

1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில், வாடகை லைட் கடைக்காரரான கவுண்டமணியின் கண்ணெதிரே செந்தில் நசுக்கிவிடும் அந்த வெள்ளைப் பொருளும் அதேதான். படம் பார்த்த எல்லோருக்கும் அது தொட்டால் உதிரும் என்று தெரியும். ஏன் உதிர்கிறது என்பதற்கும் அயனிகளே காரணம். முதல்முறை ஏற்றும்போதே துணி எரிந்துபோகிறது. நைட்ரேட் உப்பு சிதைந்து ஆக்சைடு மட்டும் நிற்கிறது. நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட தோரியமும் இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்ட ஆக்சிஜனும் மாறி மாறி அடுக்கிய பின்னல் அது. நெருப்புக்கு அசையாது. விரல் பட்டு ஓர் அடுக்கு இம்மி நகர்ந்தால் போதும், நேருக்கு எதிரே நேர் வந்துவிடும், ஒன்றையொன்று தள்ளும், உடையும். கூத்து மேடையில் காற்றுக்கும் வண்டுக்கும் பயந்து அந்த விளக்கைக் காத்தவர்களின் கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை பெருகுகிறது. ராஜா வேஷம் கட்டியவரின் கிரீடம் மின்னியது அவர்கள் தயவில்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. மணவாளக்குறிச்சி மணல் சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுக் கைகளிலிருந்து மீண்டது. தோரியத்திலிருந்து அணு எரிபொருள் செய்யலாம் என்று தெரிந்துவிட்டதால் மோனசைட் ஏற்றுமதி நின்றது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது; 1952-ல் ஆலுவாவில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது. 1955-ல் டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தபோது அங்கே உண்டாக்கிய தோரியம் நைட்ரேட்டின் பெரிய வாடிக்கையாளர்கள் அணு உலைகள் அல்ல, மேண்டில் செய்கிறவர்கள். ஒரு காலத்தில் கயிற்றோடு ஜெர்மனி போய் ஒளியாகத் திரும்பிய மணல், பிறகு நாட்டுக்குள்ளேயே பயணம் செய்து கூத்து மேடைக்கு வந்தது. மேண்டிலின் தோரியம் மெல்லிய கதிர்வீச்சு உடையது என்பதை விளக்குத் தூக்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1990-களில் மேலைநாட்டு உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டு, அவுவர் தன் தோற்றுப்போன முதல் கலவையில் சேர்த்திருந்த இட்ரியத்துக்கே திரும்பினார்கள்.

மின்சாரம் ஊர் ஊராக வந்தபின் மேண்டிலுக்குத் தேவை குறைந்தது. தோரியம் இன்று பெரும்பாலும் வருங்கால அணு உலைகளுக்காகச் சேமித்து வைக்கப்படுகிறது. தோரியத்திலிருந்து உண்டாக்கும் யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் காமினி என்ற சிற்றுலை, புதுச்சேரிக்கு வடக்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது. ஆனால் அதே மணலிலிருந்து இப்போது எல்லோரும் முண்டியடித்துக் கேட்பது வேறொன்றை.

செந்தில் மேண்டிலை நசுக்கிய அதே 1984-ல், ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே ஒரு புதுக் காந்தத்தைப் பற்றி எழுதினார்கள். இரும்பு, போரான், அவற்றோடு நியோடிமியம். தோரியத்தை எடுத்தபின் குப்பை என்று ஒதுக்கிய குவியலில் இருந்த தனிமம். நூறு தடவை கரைத்துப் படிகமாக்கி அவுவர் பிரித்தெடுத்து, ஒன்றுக்கும் உதவாமல் குடுவையில் கிடந்த இளஞ்சிவப்பு உப்பு. அதன் நான்காவது அடுக்கில், வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் அந்த எலக்ட்ரான்களே காந்தத்தின் பிடியை இறுக்குகின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இருப்பது அந்தக் காந்தம். பண்டசோழநல்லூர் தெருவில் சத்தமில்லாமல் ஓடும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள்ளும் பெரும்பாலும் அதுதான் சுழல்கிறது.